ஆறரை லட்சமும் அப்பாவின் வாயும்

ஜூன் 5, புதன்

சீட் கிடைத்துவிட்டது. சீட் கிடைத்துவிட்டது. இடம் வீணாகிறது என்று தெரிந்தே மூன்றாவது முறையும் எழுதுகிறேன்: சீட் கிடைத்துவிட்டது!

காலையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது கைபேசியில் தகவல் வந்தது. கையைக் கழுவாமலேயே திறந்து பார்த்தேன். இப்போது கைபேசியிலிருந்து ஒரு வாசனை வருகிறது. அதனால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான்கு வருடக் கால்நடை அறிவியல் பட்டம். ஓசூரைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரி. உள்ளேயே மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை, பால் பதப்படுத்தும் கூடம் எல்லாம் இருக்கின்றன. மாடு என்ன தின்றால் எவ்வளவு கறக்கும், எந்த மாட்டுக்கு எந்தக் காளை, பால் ஏன் திரிகிறது என்று நான்கு வருடமும் இதே பேச்சாக இருக்குமாம். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான், ஆனால் இதற்கு யாரும் பட்டம் தரவில்லை.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் அம்மா சாந்தாமணி எதற்கும் சட்டென்று சிரிப்பவள் அல்ல. "உங்கொப்பன்கிட்டச் சொன்னயா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா வெள்ளக்கோவில் பக்கம் ஒரு ஜோடிக் காளை பார்க்கப் போயிருந்தார். அப்பா, சென்னியப்பன், மாட்டுத் தரகர். காங்கேயத்தைச் சுற்றி எந்தத் தொழுவத்தில் எந்த மாடு எத்தனை பல் போட்டிருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். என் பிறந்தநாளை மட்டும் யோசித்துச் சொல்வார்.

இந்த டைரி தீவனக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு அறிவுரை இருக்கிறது. இன்றைக்கு: கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கவும். சரி, கொடுக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு ஆறரை லட்சம். தொழுவத்தில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எருமை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

ஜூன் 8, சனி

ஊருக்குள் செய்தி பரவிவிட்டது, தப்பாக.

பால் சங்கத்துக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போனால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வழிவிட்டார்கள். "டாக்டரம்மா மொதல்ல ஊத்தட்டும்" என்றார் ஒருவர். நான் டாக்டர் ஆகப் போவதில்லை, இது வேறு படிப்பு, நோய்க்கு ஊசி போடுவது எங்கள் வேலை இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வீடு திரும்புவதற்குள் மூன்று பேர் வைத்தியம் கேட்டுவிட்டார்கள். ஒரு அக்கா முந்தானைக்குள் கோழியைச் சுருட்டிக்கொண்டு வந்து, "நேத்துல இருந்து ஒரு மாதிரியா முழிக்குது கண்ணு" என்றார். கோழி எப்போதும் அப்படித்தானே முழிக்கும்?

டாக்டர் இல்லை என்று தெரிந்ததும் அந்த அக்கா கேட்டாரே ஒரு கேள்வி: "அப்பறம் எதுக்கு கண்ணு இத்தன காசு?"

ஜூன் 9, ஞாயிறு

இன்று இந்துமதியும் நானும் நாள் முழுக்கக் கணக்குப் போட்டோம். இந்து என் பள்ளித் தோழி, பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். பேருந்தில் போய்ப் பேருந்தில் வரலாம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து அரை லட்சம்தான் செலவு. நானும் அங்கேயே சேரலாம், இன்னும் இடம் இருக்கிறது என்கிறாள்.

பேப்பர் போதவில்லை. தொழுவத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் போட்டோம். இடது பக்கம் இந்து, வலது பக்கம் நான். இந்து இருபத்தொரு வயதில் பதினைந்தாயிரத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். எனக்கு ஒரு வருடம் அதிகம். பால் கம்பெனியிலோ தீவனக் கம்பெனியிலோ ஆரம்பச் சம்பளம் இருபத்திரண்டாயிரம் கிடைக்கலாம் என்று அங்கே படித்த இரண்டு அக்காக்கள் போனில் சொன்னார்கள். ஒரு அக்கா பதினெட்டுதான் கிடைத்தது என்றாள். வட்டி ஏறி, கடன் எட்டரை லட்சம் ஆகும். பத்து வருடத்துக்கு மாதம் பதினொன்றாயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும். மிச்சம் பதினொன்றாயிரம் கூட இல்லை!

"ஏ மோகனா, நீ படிச்சு முடிச்சும் என்னவிட ஏழையாடி?" என்று இந்து கைகொட்டிச் சிரித்தாள்.

எப்போது அவளை முந்துவேன் என்று ஒவ்வொரு வயதாக எழுதிக்கொண்டே போனோம். இருபத்து மூன்று, இந்து முன்னால். இருபத்தைந்து, இந்து முன்னால். அதற்குள் கன்றுக்குட்டி வந்து வட்டியை நக்கிவிட்டது. மறுபடி போட்டோம். கடைசியில் முப்பது வயதில் நான் முந்துகிறேன். முப்பது! என் கணித ஆசிரியைக்கே அந்த வயதுதான் இருக்கும், அவர் முடிக்குச் சாயம் பூசுகிறார்.

இந்து போன பிறகு அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது, பி.காம். தான் புத்திசாலித்தனம். எனக்கு இந்தப் படிப்பின் மேல் அப்படியொன்றும் பைத்தியம் கிடையாது. ஒரு பசு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கிறது என்று நேற்றுப் படித்தேன். நூறு லிட்டர்! அந்த எச்சில்தான் வயிற்றில் புளிப்பு ஏறாமல் காக்கிறதாம். இதை இந்துவிடம் இரண்டு முறை சொன்னேன், அம்மாவிடம் ஒரு முறை சொன்னேன். எருமையிடம் போய், "நீயும்தானே?" என்று கேட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

நாளை வங்கி. அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து நிறையக் கேட்டார். இந்தப் படிப்புக்கு ஆகக் குறைந்த சம்பளம் எவ்வளவு? படித்த எத்தனை பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள்? டாக்டருக்கு உள்ள என்னென்ன உரிமை இதற்குக் கிடையாது? நல்ல விஷயங்களையும் சொல்ல ஆரம்பித்தேன். "அத உடு அம்மிணி, கெட்டத மட்டும் சொல்லு" என்றார்.

எவ்வளவு அக்கறையாகத் தயார் செய்கிறார் பாருங்கள். சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

ஜூன் 12, புதன்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, அழுகையும் வருகிறது. எதை முதலில் எழுதுவது?

வங்கி மேலாளர் பெயர் செல்வின் ஞானதாஸ். நாகர்கோவில்காரர், இளைத்த மனிதர், நல்ல மரியாதை. எழுந்து நின்று அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பாவின் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். சந்தையில் விலை பேசும்போது இருவர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், வெளியாள் யாருக்கும் விலை தெரியாது. மேலாளர் கையை நீட்டியதும் அப்பாவின் கை தானாகத் துண்டை எடுத்து மேலே போட்டு, உள்ளே மூன்று விரலைக் கப்பென்று பிடித்துவிட்டது. மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், விடவும் முடியாமல், "ஐயா... ஐயா, இது என்னது?" என்றார். காசாளர் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார்.

அது போகட்டும். எல்லாரும் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சிரித்து முடித்த பிறகு மேலாளர் கேட்டார். "சரி, படிச்சு முடிச்சா பிள்ளைக்கு என்ன சம்பளம் வரும்னு நெனைக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "சம்பளமுங்களா? அட நீங்க வேற. டாக்டர்னா ஊசியப் போட்டுக் காசு பாக்கலாம். இது அதுவும் இல்லீங்க. பதனெட்டாயிரம் கெடச்சா எச்சு. படிச்ச புள்ளைங்க பாதி வேற வேலைக்குப் போயிருச்சுங்க. இதுக்குப் போயி ஆறரை லட்சங்கறாங்க, நீங்களே சொல்லுங்க, மூணு லட்சம் பெறுமா?"

எனக்கு விளங்கிவிட்டது. ஒரு மாட்டை வாங்கும்போது தரகர் இப்படித்தான் பேசுவார். கொம்பு சரியில்லை, வால் கட்டை, நடையில் தளர்ச்சி என்று குறை சொல்லிச் சொல்லி விலையை இறக்குவார். அப்பா அந்தப் பழக்கத்தில் வங்கிக்காரரிடம் போய்ப் படிப்பின் விலையை இறக்கிக்கொண்டிருக்கிறார்! மேலாளர் என்ன படிப்பையா விற்கிறார்? அவரிடம் நாம் இதை ஏற்றி அல்லவா பேச வேண்டும்! நான் மேசைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு, "கோழிப் பண்ணைல வேலைன்னா ஒறம்பரை, சொந்தபந்தம் கூட ஊட்டுக்கு வராது சார், அந்த நாத்தம்" என்று தொடர்ந்தார்.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "ஐயா, நீங்களே இப்படிச் சொல்லுதீங்க. அப்போ கடன எப்படித் திருப்பிக் கட்டுவீங்க? நான் இல்லன்னு சொல்லல. வீட்டுல பேசிட்டு, ஒரு முடிவோட வாங்க. அப்பா கையெழுத்து இல்லாம இது நடக்காது, பாத்துக்கிடுங்க."

வெளியே வந்ததும், "எப்பிடி அம்மிணி?" என்று அப்பா கேட்டார். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். வேறென்ன செய்ய? ஆறரை லட்சத்தை வாய்ப் பழக்கத்தில் தொலைத்த மனிதர் உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

பக்கத்தின் அடியில்: ஈக்களை விரட்ட வேப்பிலைப் புகை நல்லது.

ஜூன் 13, வியாழன்

அம்மாவிடம் நடித்துக் காட்டினேன், துண்டோடு. அம்மா சிரிக்கவில்லை.

"அவுருக்கு வாய் தவறிப் போச்சுன்னு நெனைக்கறயா?" என்றாள்.

"பின்ன?"

"இருவது வருசத்துக்கு மேல தரகு பேசறாரு. ஒரு நாளு தவறினதில்ல" என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டாள். அம்மாவுக்கு அப்பாவின் திறமை மேல் அவ்வளவு பெருமை.

ஜூன் 15, சனி

தவிடு இரண்டு மூட்டை. எருமைக்குக் கொம்பில் எண்ணெய். இந்து வந்து பி.காம். விண்ணப்பத்தைத் தந்துவிட்டுப் போனாள், அதை அலமாரியில் வைத்திருக்கிறேன். கல்லூரிக்குப் பணம் கட்ட இம்மாதம் இருபத்தெட்டு கடைசி. இன்றைக்கு எச்சில் பற்றி யாரிடமும் பேசவில்லை.

ஜூன் 17, திங்கள்

இன்று சந்தை. அப்பா கைபேசியை மறந்துவிட்டுப் போனதால் அம்மா என்னை அனுப்பினாள். சந்தைக்குள் பெண்கள் அதிகம் வருவதில்லை. ஆனால் எனக்கு அந்தச் சத்தமும் மாட்டு வாசனையும் கழுத்துமணியும் சேர்ந்தால் போதும், தலை கிறுகிறுவென்று சந்தோஷம் வந்துவிடும். நூறு வாலுக்கு நடுவில் புகுந்து புகுந்து அப்பாவைத் தேடிப் பிடித்தேன்.

அவர் வேலை செய்வதை இன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். தாராபுரத்துக்காரர் ஒருவருக்காகச் செவலைப் பசு ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். "மடியப் பாருங்க, காம்பு நாலும் ஒரே அளவு, கன்னுக்குட்டியாட்டம் சாது." விலை முடிந்தது. வாங்கினவர் அங்கேயே, "அப்பிடியே எனக்கு ஒரு எருமையும் முடிச்சுக் குடுங்க" என்றார். அப்பா அப்படியே திரும்பினார். ஒரு மூச்சு கூட விடவில்லை. "இதென்னங்க எருமை, முதுகு பள்ளம், கண்ணுல சுறுசுறுப்பே இல்ல" என்று ஆரம்பித்துவிட்டார். விற்கும்போது ஒரு வாய், வாங்கும்போது ஒரு வாய். இடையில் மயிரிழை கூடத் தடுமாற்றம் இல்லை.

எதிர்ப்பக்கம் நின்று அந்த எருமையை விற்றவர் நாச்சிமுத்து மாமா. அவரும் தரகர்தான். ஒரு காளை விற்ற தகராறில் அப்பாவும் அவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. பேசாமல் எப்படி விலை பேசுவது? எருமையிடம் பேசுகிறார்கள்! "ஏ எருமை, உன்ற முன்னால நிக்கறவனுக்குக் கண்ணு தெரியலையாட்டம் இருக்குது, நல்ல டாக்டராப் பாக்கச் சொல்லு" என்றார் நாச்சிமுத்து மாமா. "ஏ எருமை, உன்னய விக்கறவன் உனக்கு நேத்துத்தான் குளிக்க வார்த்திருக்கான்னு எனக்குத் தெரியும்னு சொல்லு" என்றார் அப்பா. எருமை இருவரையும் பார்த்துவிட்டு மூத்திரம் பெய்தது. "மூணு ஈத்து எருமைக்கா இத்தன பேச்சு!" என்று சொல்லி நான் ஒரு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே என்னவோ நின்றுவிட்டது. வாய் தவறாத மனிதர் இவர். அப்புறம் அன்றைக்கு?

வெயில் சாய்ந்து கூட்டம் கலைந்த நேரத்தில் ஒரு ஆள் மாட்டின் கழுத்தோரம் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கவில்லை. "அவனப் பாத்தயா அம்மிணி?" என்றார் அப்பா. "கடன்காரனுக்குத் தேதி குடுத்துட்டு வந்திருக்கான். இன்னிக்கு வித்தே ஆகோணும். அதத் தெரிஞ்சுக்கிட்டு எல்லாரும் பொழுது சாயட்டும்னு நிக்கறாங்க." அந்த மாடு பாதி விலைக்குப் போனது. பேசி முடித்தது அப்பாதான். தரகுக் காசை மட்டும் அவர் அந்த ஆளிடம் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது மொபெட்டில் நான் அப்பாவின் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

எனக்குக் கோபம். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 19, புதன்

கேட்டுவிட்டேன். அப்பா எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே, "அன்னிக்குப் பேங்குல வாய் தவறலை, அப்படித்தானுங்கப்பா?" என்றேன்.

தேய்க்கிற கை நிற்கவில்லை. "தவறலை" என்றார்.

குடத்தோடு அவர் தலையில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் ஊற்றியும்விட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உடு, ஊத்தினது ஊத்தினதுதான்" என்றார். "திங்கக்கெழமை நின்னானே ஒருத்தன், பாத்தயில்ல? வாரா வாரம் அப்பிடி ஒருத்தன நான் பாக்கறேன். என்ற புள்ள ஒரு நாளு அப்பிடிக் கவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கப்படாது. பதனெட்டாயிரம் சம்பளத்துல எட்டரை லட்சங் கடன். நீயே கணக்குப் போட்டயில்ல, தரைல?"

தரையில் போட்டதை அவர் படித்திருக்கிறார். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன்.

"அப்பா, அந்த ஆளு ஏன் பாதி வெலைக்கு வித்தாரு? கடன் இருந்ததாலயா? தேதி இருந்ததால. அன்னிக்கே வேணும்னாங்க, அதனால தோத்துட்டாரு. எனக்குப் படிக்கிற நாலு வருசமும் கட்ட வேண்டாம். முடிச்சு ஒரு வருசமும் கட்ட வேண்டாம். அதுக்கப்பறம் பத்து வருசம் மெல்ல மெல்லக் கட்டலாம். நான் என்ன பொழுது சாயறதுக்குள்ளயா விக்கப் போறேன்? முப்பது வயசு வரைக்கும் இந்துவவிடக் காசு கம்மிதான். நான் மறைக்கலீங்கப்பா. எனக்குத் தெரிஞ்சுதான் கேக்கறேன். பி.காம். படிச்சா கடன் இருக்காது, ஆனா இந்த ஆசையும் போகாது."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. கணக்கு பி.காம். பக்கம். நான் மாட்டின் பக்கம். இவ்வளவு நாளாக இதைத்தான் இந்த டைரியிடம் கூட ஒப்புக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பா எருமையின் பக்கம் குனிந்தார். "காலப் புடி, குளம்பக் கழுவோணும்" என்றார். எருமையின் காலைப் பிடித்தேன்.

ஜூன் 22, சனி

அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தக்காளி வண்டிக்காரரிடம் கால் கிலோவுக்கு நெடுநேரம் பேரம் பேசிக் கடைசியில் இரண்டு பச்சை மிளகாயைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்தார். வெற்றி பெற்ற முகம். என் விஷயம் மட்டும் கிணற்றில் போட்ட கல்.

பி.காம். விண்ணப்பத்தில் பெயரும் ஊரும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

ஜூன் 24, திங்கள்

சந்தையிலிருந்து வந்த அப்பா அம்மாவிடம், "நாளைக்கு அவள பஸ்ஸுல பேங்குக்கு வரச் சொல்லு. வண்டில எடமில்ல, நான் ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். நான் பக்கத்திலேயேதான் நிற்கிறேன்! யாரை என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சம்மதமா இல்லையா? அம்மா திடீரென்று பாயசம் வைக்கிறாள், அதில் சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியும்.

ஜூன் 25, செவ்வாய்

முழுக்க எழுதாமல் தூங்கமாட்டேன்.

நான் வங்கி வாசலில் காத்திருந்தேன். அப்பாவின் மொபெட் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தது நாச்சிமுத்து மாமா! சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வழியெல்லாம் ஒருவரோடொருவர் பேசாமலே வந்திருக்கிறார்கள். மாமா இறங்கி என்னிடம், "அம்மிணி, உங்கொப்பன்கிட்டச் சொல்லு, வண்டிக்குக் காத்து அடிக்கோணும்" என்றார்.

மூவரும் உள்ளே போனோம். மேலாளர் அப்பாவைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு வணக்கம் சொன்னார். பாவம்.

"இவங்க யாரு?"

"நாச்சிமுத்துங்க. இந்தப் புள்ளைக்குத் தரகு பேச வந்திருக்கறேன்" என்றார் மாமா. மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாமா ஆரம்பித்தார். கடவுளே! "புள்ளையச் சின்னதுல இருந்து தெரியுமுங்க. கெட்ட சுழி ஒண்ணு கெடையாது. ஒரு வேலைய எடுத்தா நுகத்துல கட்டுனாப்பல பாதில நிக்காது. சந்தைல நானும் இவனும் சண்ட போட்டப்ப, அந்த எருமை எத்தனை ஈத்துன்னு தூரத்துல நின்னே சரியாச் சொல்லுச்சு. நம்பிக் கடன் குடுக்கலாம். கொறையையும் சொல்லிப் போடறேன், மறைச்சு வித்தா அது தரகு இல்லீங்க. கோவம் எச்சு. எருமைக்கு ஊத்தற தண்ணிய அப்பன் தலைல ஊத்திப் போடும்." இதை யார் இவரிடம் சொன்னது?

மேலாளர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. உன் கணக்கு என்ன?" என்றார்.

சொன்னேன். பதினெட்டாயிரம் கிடைத்தால் என்ன, இருபத்திரண்டு கிடைத்தால் என்ன, மாதம் எவ்வளவு மிஞ்சும், முப்பது வயது வரை தோழியைவிடப் பின்னால் இருப்பேன் என்பது வரை எல்லாம்.

"வேலையே கெடைக்கலன்னா?"

"கஷ்டம்தான் சார்" என்றேன். "கட்டாம இருக்க மாட்டேன். பால் சங்கத்துல தீவனம் எழுதிக் குடுக்கற வேலையாச்சும் பாத்து வட்டியக் கட்டுவேன். ஆனா கஷ்டம்தான்."

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். "இந்த நாற்காலில உக்காந்து கஷ்டம்னு சொன்ன மொதல் ஆளு நீதான்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஐயா, நீங்க ஒண்ணும் பேசலியே? போன தடவ அத்தனையும் பேசுனீங்க?"

அப்பா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து மாமாதான் பதில் சொன்னார்.

"அவன் பேசப்படாதுங்க. சொந்த உருப்படிக்குச் சொந்தக்காரன் தரகு பேசறதில்ல, எங்க சந்தைல அப்பிடி. ஆசை இருக்கறவன் ஒண்ணு மேல ஏத்திப் பேசுவான். இல்லீனா உட மனசில்லாம மட்டந்தட்டிப் பேசுவான். போன தடவ அதத்தான் பண்ணிட்டுப் போயிருக்கான். நேத்து சந்தைல வந்து என்னயக் கூப்புட்டான். எருமைகிட்டச் சொல்லலீங்க, என்கிட்டயே சொன்னான்."

உட மனசில்லாம. கடனுக்குப் பயந்துதான் அப்படிப் பேசினார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் எதிரே மேலாளர், கண்ணாடிக்குப் பின்னால் காசாளர், பக்கத்தில் மாமா. அழுதேன், சிரித்தேன், மேலாளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். அவர் பெயரை இவ்வளவு மெதுவாக எழுதி நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டுக்குள் முதல் வருடப் பணம் கல்லூரிக்குப் போய்விடும் என்று மேலாளர் சொன்னார். மாமா எழுந்து அவரிடம் கையை நீட்டி, "எங்க தொழில்ல ரெண்டு பக்கமும் தரகு வாங்கோணுமுங்க, இல்லீனா பேரம் முடிஞ்சதா அர்த்தமில்ல" என்றார். மேலாளர் விழித்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார். மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே வந்தோம். மாமா இப்போது அப்பாவின் பக்கம் கையை நீட்டினார். எல்லாருக்கும் தெரிந்த தரகு ஐநூறு. "அம்மிணி, உங்கொப்பன்கிட்டச் சொல்லு, மூவாயிரம்" என்றார்.

நான் வசதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டேன். இது பெரிய சண்டையாகப் போகும். தக்காளிக்கே அவ்வளவு நேரம் பேசியவர்.

அப்பா இடுப்புப் பையைத் திறந்தார். ஆறு ஐநூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா பணத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் மாறிவிட்டது. "ஏன்டா சென்னி!" என்று கத்தினார், என்னிடம் இல்லை, நேராக அப்பாவிடமே. "பேரம் பேசுடா! பேசாமக் குடுத்தா எனக்கு என்னடா மருவாதி? ஐநூறுன்னு சொல்லுடா!"

"இதுக்குப் பேசமாட்டேன்டா" என்றார் அப்பா.

பிறகு மூவரும் எதிர்க்கடையில் டீ குடித்தோம். காசு மாமா கொடுத்தார்.